தலைக்கணக்கு விதி யாருடையது?

எடப்பாடி
3.11.2025

மரியாதைக்குரிய நண்பர் காளியண்ணன் அவர்களுக்கு,

தீர்த்தகிரி வணக்கத்துடன் எழுதுவது. சூரத்தில் மகன் வீட்டில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, நீங்கள் சொல்வதற்கெல்லாம் சரி என்றுவிடுவேன். அதனால்தான் கடிதம். முப்பத்தைந்து வருடம் கல்லூரியில் வரலாறு நடத்தியவனுக்குப் பொருளடக்கம் இல்லாமல் எழுத வராது.

1. ஊர் நிலவரம்.
2. சங்கத்தின் பொன்விழா மலரில் உள்ள பிழை.
3. தலைக்கணக்கு விதி யாருடையது என்பது.
4. வார லீவுத் தீர்மானம் நிறைவேறிய கூட்டத்தில் முதல் கையெழுத்துப் போட்டு உங்களுக்குத் துணை நின்றவன் நான் என்பது.
5. ஒரு வேண்டுகோள்.

ஊரில் நல்ல மழை. எங்கள் எட்டுத் தறியில் மூன்றுதான் ஓடுகிறது. என் வீட்டுக்காரி செல்லியம்மாளுக்கு முட்டிவலி. டீக்கடையில் உட்கார்ந்தால், காளியண்ணன் எப்போது வருவார் என்று என்னைக் கேட்கிறார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று யாரும் கேட்பதில்லை.

இனி இரண்டாவது. சங்கச் செயலாளர் மணிமாறன் மலரின் அச்சுப்படியைப் பிழை திருத்தக் கொடுத்தான். முழுப் பக்கத்துக்கு உங்கள் படம். கீழே, ‘தலைக்கணக்கு விதி தந்த தலைவர்’. புது அரங்கத்துக்கும் உங்கள் பெயராம். என் பெயரையும் தேடினேன். கடைசிப் பக்கத்தில், ‘பிழை திருத்தம்: தீர்த்தகிரி’ என்று இருக்கிறது. அதிலும் ஒரு எழுத்துப்பிழை. திருத்திக்கொண்டேன்.

அன்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். செல்லியம்மாள், “ஏனுங்க, அவிய படம் வந்தா உங்களுக்கென்னங்க? ஊடு இடிஞ்சா போச்சு?” என்று கேட்டாள். உங்களிடம் சொல்கிறேன். எனக்குப் பொறாமை. எழுபத்தெட்டு வயதில் இப்படி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது. 1996-ல் நம் விசைத்தறியாளர் சங்கத்தில் அறுபது பேர். முப்பத்தொரு பேர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் கூட்டம் செல்லும். தறித் தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள் லீவு என்ற உங்கள் தீர்மானத்தைத் தடுக்க, என் மச்சான் நாச்சிமுத்துவின் ஆட்கள் வருவார்கள், டீ குடிப்பார்கள், கையெழுத்து மட்டும் போட மாட்டார்கள். நம்மவர்களில் நாலு பேர் எப்போதும் ஈரோட்டுச் சந்தைக்குப் போயிருப்பார்கள். நாலு கூட்டம் அப்படியே கலைந்தது.

அப்போது பேருந்து நிலையத்தில் உங்களிடம் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையிலும் இதே கதைதான். சிறுபான்மைக் கட்சிக்காரர்கள் அவையிலேயே இருந்துகொண்டு பெயர் கூப்பிட்டால் வாய் திறக்க மாட்டார்கள். ஆள் போதாமல் வேலை நின்றுபோகும். 1890-ல் சபாநாயகர், பதில் சொல்லாவிட்டாலும் கண்ணில் படுகிறவர்களின் பெயரை வருகையில் எழுதச் சொன்னார். பெரும்பான்மைக் கட்சியின் கை அன்றிலிருந்து ஓங்கியது. இது என் முதல் பக்கம். அதையே நீங்கள் தலைக்கணக்கு விதியாக்கினீர்கள்.

ஓங்கிய கையை 1910-ல் அதே சபை தாழ்த்தியது, சபாநாயகரின் அதிகாரத்தைக் குறைத்தது. ஆகவே எதிர்த்தரப்புக்குப் பேச நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் இரண்டாம் பக்கம். அதை நீங்கள் சட்டை செய்யவில்லை. அதன் பிறகு எட்டு வருடம் நாச்சிமுத்துவை நீங்கள் வாய் திறக்க விட்டதில்லை. இந்த இரண்டையும் தாங்கள் ஒப்புக்கொண்டு மலருக்கு நாலு வரி எழுதித் தர வேண்டும். அதுதான் வேண்டுகோளாக இருந்தது.

இதுவரை நேற்று எழுதியது. நாலாவது பொருளுக்குத் தேதியும் பக்க எண்ணும் போடலாம் என்று இன்று காலை சங்கத்துக்குப் போய்ப் பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன்.

கையெழுத்துகள் முப்பது. என்னுடையது இல்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். நினைக்காமலே இருந்து பழகிவிட்டேன். கையெழுத்துப் போட்டால் மச்சான் வீட்டில் சண்டைக்கு வருவார் என்று பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நீங்கள் மேடையிலிருந்து இறங்கி, விரலை நீட்டித் தலைகளை எண்ணத் தொடங்கினீர்கள். “டேய், எண்ணறாங்கடா, எந்திரிங்கடா!” என்று மச்சான் கத்தினார். டீ கிளாஸைப் போட்டுவிட்டு அவருடைய ஆட்கள் வெளியே ஓடினார்கள். அவர்களில் மயில்சாமி ஜன்னல் வழியாகக் குதித்தபோது வேட்டி கம்பியில் மாட்டிக்கொண்டது. எனக்கு எழுந்து ஓடவும் தைரியம் இல்லை.

நீங்கள் என் முன்னால் வந்து நின்றீர்கள். “வாத்தியாருங்க இங்கதானுங்களே உக்காந்திருக்கீங்க? இல்லீன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, பேரை அடிச்சுப்போடறேன்” என்றீர்கள். நான் தரையைப் பார்த்தேன். பதிவேட்டில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது: ‘31. தீர்த்தகிரி. கையெழுத்திடவில்லை. அவையில் இருக்கிறார்.’

நான் எழுதிக் கொடுத்த விதியில் எண்ணப்பட்ட முதல் ஆள் நான்தான்.

இருபத்தொன்பது வருடம் இதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை. என் மச்சானிடம், நான் எழுந்துபோக நினைத்தபோது நீங்கள்தான் வழியை மறித்ததாகச் சொன்னீர்களாம். ஏசலெல்லாம் உங்களுக்குப் போனது. இப்படி இருக்கத் தெரிந்த மனிதர் என்பதிலும் எனக்கு உங்கள்மேல் பொறாமைதான். முதல் பக்கம் என்னுடையது என்று இன்னமும் சொல்வேன். ஆனால் பேருந்து நிலையத்தில் உங்களிடம் கொடுத்திராவிட்டால் அது என் பையிலேயே இருந்திருக்கும், பேனாவோடு.

மலருக்கு நாலு வரி வேண்டாம். படத்தின் கீழே உள்ளது அப்படியே இருக்கட்டும். விழா தை ஐந்தாம் தேதி. டாக்டர் பயணம் கூடாது என்கிறார் என்று உங்கள் மகன் முருகானந்தம் சொன்னான். மெதுவாக ரயிலில் வரலாம். சேலம் ஸ்டேஷனுக்கு நானே வந்து காத்திருக்கிறேன். வாசலில் பதிவேடு வைப்பார்கள். நீங்கள் பார்க்க அதில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும் எனக்கு. அதுவரை, அதற்குப் பிறகும் வெகுகாலம், உங்கள் உடம்பு திடமாக இருக்க வேண்டும் சாமி.

என்றும் தங்கள்,
தீர்த்தகிரி

பின்குறிப்பு: முதல் பக்கத்தில் நாலாவது பொருளை அடிக்காமல் விட்டிருக்கிறேன். அதில் உள்ளது தவறு.