எனக்கு முன்னே போன பை

திங்கள். மழை.

காலை முதலில் கண்ணில் பட்டது: கொக்கியில் என் பை இல்லை.

அம்மாவின் வேலை. ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். என் ரயில் அதற்குள். அதனால் விடியவே பையை வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறார். "பை நல்ல நேரத்தில வெளிக்கிட்டிட்டுது. இனி நீ எப்ப போனாலும் ஒண்டுமில்லை."

வெளியேயும் இல்லை. வேலைக்குப் போன அப்பா, தன் சாப்பாட்டுப் பை என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார். தொழிற்சாலையிலிருந்து அம்மாவுக்குப் போன். "என்னப்பா, உள்ளுக்கை சப்பாத்தெல்லோ கிடக்கு. சோறு எங்கை?"

பையில் சமையலறையில் காலில் போடும் சப்பாத்து, ரயில் அட்டை. இன்று சூரிச்சில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் என்னைப் பார்க்கும் நாள். பிடித்தால் பயிற்சிக்கு எடுப்பார்கள். பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட பிறகு என்னைக் கூப்பிட்ட ஒரே இடம்.

போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்தது. சந்தோஷமும் இல்லை, கவலையும் இல்லை. அம்மா அப்பாவின் சோற்றை என் கையில் திணித்தார். போனேன்.

ஓல்டனில் ரயில் மாறினேன். பரிசோதகர் அட்டை கேட்டார். பிறந்த தேதி மட்டும் சொன்னேன். தன் கருவியில் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டு தந்தார். சோற்றுப் பையைக் காட்டி, நல்ல வாசம் என்றார்.

சூரிச். டிராம் எந்தப் பக்கம்? இரண்டை விட்டேன். மூன்றாவதில் ஒரு அக்கா, போனில்: "ரைஸ் குக்கரை நோண்டாதேங்கோ, நான் வாறன்." தமிழ்தான். அவரிடமும் கேட்கவில்லை. தவறான திசை. இறங்கி, எதிர்ப் பக்கம்.

பிந்திவிட்டேன். தலைமைச் சமையல்காரி யாருடையதோ பழைய சப்பாத்து தந்தார். பெரிது. கரட் சீவினேன். மத்தியானம் அப்பாவின் சோறு.

வெளிக்கிடும்போது தலைமைச் சமையல்காரி சொன்னார்: நாளை பின்னேரம் உனக்குப் போன் எடுப்பேன். இன்று தலையை மட்டுமே ஆட்டினாய்; போனில் நீயே பேச வேண்டும். பேசாவிட்டால் இந்த இடத்துக்கு வந்த மற்றப் பிள்ளையைக் கேட்பேன்.

செவ்வாய். வெயில்.

பை திரும்பவும் கொக்கியில். அப்பா: "உன்ர சப்பாத்து என்ர வேலையை வடிவாப் பாத்திட்டு வந்திருக்கு."

மூன்றரை. போனில் சூரிச் இலக்கம். சமைத்துக்கொண்டே குசினியிலிருந்து அம்மா: "எடாதை பிள்ளை! மூண்டிலயிருந்து நாலரை மட்டும் ராகு காலம். அவை திருப்பிப் போன் எடுப்பினம்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

குசினிக் கதவைச் சாத்திவிட்டு எடுத்தேன்.