எலுமிச்சை என்று சொல்லக்கூடாது

1913 செப்டம்பர் 22, திங்கள்
புதிய மாணவி கோராவை ஆய்வறையில் கண்ணைக் கட்டி உட்கார வைத்து, கையில் ஒரு பழத்தைக் கொடுத்தேன். "எலுமிச்சை, மிஸ்" என்றாள். எல்லோரும் முதலில் செய்யும் பிழை. எங்களிடம் இதைவிடப் பெரிய பிழை கிடையாது. பெயர் வேண்டாம், குளிர்ச்சி, சொரசொரப்பு, நாக்கடியில் கூச்சம் என்று உனக்குள் நடப்பதை மட்டும் சொல் என்றேன். பேராசிரியர் தேயர் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் கற்று வந்து எனக்குக் கற்பித்த முறை. மனத்தை ஆராய இந்த ஓர் அறை போதும் என்று நம்பியே நாற்பதைத் தாண்டிவிட்டேன்.

அக்டோபர் 9
புதிதாக வந்திருக்கும் ஆய்வாளன் ஹாஸ்கின்ஸுக்குச் சோதனை எலிகள் வைக்க இடம் வேண்டுமாம். என் அறைதான் தோதாம். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் கேட்கச் சொன்னான்: "உங்க மனசை யாரு பார்த்தா, மிஸ் வைக்காஃப்? எலி ஓடுறதை ஊரே பார்க்கலாம். விட்டா நீங்க வியன்னா டாக்டர் மாதிரி கனவுக்குப் பலன் சொல்ல உட்கார்ந்துடுவீங்க."
தேயரும் சிரித்தார். பிறகு தாழ்வாரத்தில், "உன் அறை மேல யாரும் கை வைக்க முடியாது, ஹாரியட்" என்றார்.

நவம்பர் 3
அறை யாருக்கு என்று இன்று ஆய்வாளர் கூட்டத்தில் முடிவாகும். பெண்களுக்கு அனுமதியில்லை. சுருட்டுப் புகை எங்களுக்கு ஆகாதாம். என்ன ஒரு கரிசனம்.

நவம்பர் 4
எலிகளுக்குத்தான்.
தேயரும் அதற்குத்தான் கை தூக்கினாராம். "காலம் அப்படிப் போகுது, நான் என்ன பண்றது?" என்றார். அவர் கோட்டில் சுருட்டு நாற்றம். "இப்ப உனக்கு எப்படி இருக்கு?"
சொன்னேன். நெஞ்சில் அழுத்தம். காதோரம் சூடு. வாயில் வறட்சி.
"சுத்தமான விவரிப்பு" என்றார், நிம்மதியாக.
நான் ஏன் அவரைத் திட்டல? அந்த ஒரு வார்த்தை எங்க போச்சு? அவர்தானே பிடுங்கினார் — நானும் நல்ல மாணவியா கொடுத்துட்டேன்.

டிசம்பர் 19
ராச்செஸ்டரில் பள்ளிப் பிள்ளைகளின் அறிவுத்திறனைச் சோதிக்கும் வேலை கிடைத்திருக்கிறது. நாளை ரயில். மிச்சமிருந்த என் கருவிகளை எடுக்க அறைக்குப் போனேன். கோரா இப்போது ஹாஸ்கின்ஸிடம் வேலை பார்க்கிறாள். பெட்டியின் மூலையில் ஓர் எலி ஒடுங்கிக் கிடந்தது.
"பயப்படுதுன்னு சொல்லக்கூடாதாம், மிஸ். அசையல, நடுங்குது, அவ்வளவுதான் எழுதணுமாம்."
இதற்கா என்னை வெளியேற்றினார்கள்?
விடைகொடுக்க வந்த தேயர் அறை வாசலில் நின்றிருந்தார்.
"அது பயப்படுது, கோரா" என்றேன். பிறகு அவர் பக்கம் திரும்பி, "எனக்குக் கோபம். உங்க மேல."
"பெயரைச் சொல்லிட்டே, ஹாரியட்" என்றார்.
"சொல்லிட்டேன்."