பங்குனியிலும் நனைந்த சுவர்

மாமா,

பினாயில் ஊற்றி வாசலை இரண்டு தடவை கழுவிவிட்டேன். துரு நாற்றம் போகிற பாடாக இல்லை. நம் குளியலறை ஹீட்டரை நேற்றுத்தான் கழற்றினோம். நேற்று உங்கள் முதல் வருஷத் திதி. அந்த நாளாகப் பார்த்துத்தான் மெக்கானிக்கை வரச் சொன்னேன். செத்த மாமனாரிடம் ஒரு மருமகள் இப்படியா வன்மம் வைப்பாள் என்று யாராவது கேட்டால், ஆமாம், வைப்பேன்.

நான்கு வருஷத்துக்கு முந்தைய ஆனி மாதம். குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. இங்கே தென்காசியில் நம் வீட்டு ஜன்னல் கம்பியெல்லாம் ஈரம். ஹீட்டருக்குக் கீழே சுவர் ஊறிக் கிடந்ததை உங்களிடம் காட்டினேன். "சாரல்ல சுவரு வேர்க்கத்தான் செய்யும். நீ நேத்தா பொறந்த?" என்றீர்கள். காலமெல்லாம் ஒயர்மேன் வேலை பார்த்தவரிடம் நான் என்ன பேச? வெந்நீர் செம்மண் நிறத்தில் வந்தது. உள்ளே கல் உருள்கிற மாதிரி கடகடவென்று சத்தம். உள்ளே சூடேற்றும் காயிலை மாற்றினீர்கள், பிறகு தெர்மோஸ்டாட்டை மாற்றினீர்கள். தண்ணீர் சுட்டதும், "பாத்தியா, வேல செய்யுதுல்லா?" என்று எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டீர்கள்.

ஐப்பசி மழையும் போய்ப் பங்குனி வந்தது. அருவியில் வெறும் பாறைதான். நம் சுவர் மட்டும் காயவே இல்லை.

"மாமா, இப்ப எங்கன சாரல் அடிக்கு? ஹீட்டர் தொட்டிதான் ஒழுகுது. புதுசு வாங்கிருவோம்" என்றேன்.

ஹீட்டரைப் போட்டாலே, கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்துகிற டிரிப் சுவிட்ச் விழுந்தது. அது உங்களுக்கு எச்சரிக்கையாகத் தெரியவில்லை, தொந்தரவாகத் தெரிந்தது. அதைத் தாண்டி நேராக ஒயரை இழுத்துக் கொடுத்துவிட்டு, "இனி விழாது" என்று சிரித்தீர்கள்.

மறுநாள் காலை, நீங்கள் குளிப்பதற்காக ஹீட்டரைப் போட்டு வைத்திருந்தீர்கள். வாளி வைக்கப் போன நான் குழாயைத் திருகினேன். ஷாக் அடித்துத் தூக்கி எறிந்துவிட்டது. உயிர் தப்பியது, அவ்வளவுதான். வலது கையில் இரண்டு விரல்களுக்கு இன்றுவரை உணர்ச்சி இல்லை. பூத் தொடுக்க முடியவில்லை, ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் கண் விழித்தபோது உங்கள் குரல்தான் கேட்டது. "ஈரக்கையோட சுவிட்சத் தொட்டுட்டா. கூறு கிடையாது." பொய் மாமா! பச்சைப் பொய். சுவிட்ச் பக்கமே நான் போகவில்லை. ஆனால் சொந்தபந்தம் முழுக்க அதுவே என் பேராகிப் போனது. ஒரு கல்யாண வீட்டில் உங்கள் மகளே, "எங்க மதினிக்கு அவசரம் சாஸ்தி" என்று சொல்லிச் சிரித்தாள். நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹீட்டருக்குக் கரண்டை நிறுத்தினீர்களே தவிர, அதைக் கழற்ற மட்டும் கடைசிவரை விடவில்லை. கழற்றினால் தெரிந்துவிடும் என்று உங்களுக்குத் தெரியும்.

நேற்று அத்தனை பேரும் வந்து உட்கார்ந்த பிறகு, செங்கோட்டை மெக்கானிக் அதை வாசலுக்குத் தூக்கி வந்து சாய்த்தான். அடிப்பாகம் அப்படியே பிய்ந்து, துருச்சேறு கொட்டியது.

"அக்கா, காயில் போச்சுன்னா மாத்திக்கிடலாம். தொட்டியே ஒழுகிட்டுன்னா முழுசாத்தான் மாத்தணும். இத என்னைக்கோ தூக்கிப் போட்டிருக்கணும். இதுல டிரிப் இல்லாம நேரா வேற கரண்ட் குடுத்திருக்கு. ஷாக் அடிக்காம என்ன செய்யும்? யாரு பாத்த வேல இது?"

மாலை போட்டிருந்த உங்கள் படத்தைப் பார்த்தேன். எல்லாரும் பார்த்தார்கள்.

உங்கள் மகளுக்கு முகம் செத்துவிட்டது. "மதினி, இத அங்கன பின்னால தூக்கிப் போடச் சொல்லுங்க. அப்பாவுக்கு இலை போடணும்லா" என்றாள்.

"கெடக்கட்டும். திதியன்னைக்கு மாமா வீட்டுக்கு வருவாங்கன்னுதான எல்லாரும் சொல்லுதீங்க? பாத்துட்டுப் போகட்டும்" என்றேன்.

உங்கள் இலைக்கு நான்தான் பரிமாறினேன், இந்த மரத்துப்போன விரல்களோடு.

வந்தீர்களா மாமா? பார்த்தீர்களா?