வடக்கே தலைவைத்தவள்

என் பிரியமான உமா அப்பாவுக்கு,

நீங்கள் இருந்தபோதே பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் எதற்கு? நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். நம் உமா அம்பாசமுத்திரத்தில் வீடு கட்டி, போன வாரம் பால் காய்ச்சிவிட்டாள். நீங்கள் வரைந்த படம்தான் கூடத்தில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

எந்தப் படம் என்று தெரியும்தானே? பாளையங்கோட்டை வாடகை வீட்டில், சன்னலைப் பார்த்து நான் படுத்திருப்பேன். தலை வலது பக்கம்; முதுகு மட்டும் தெரியும். சன்னலுக்கு வெளியே மலை.

உமாவின் மாமியார் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "மதினி, மலை தெரியுதுன்னா அது மேக்குச் சன்னல். அப்ப வலது பக்கம் வடக்குல்லா? பொம்பள வடக்க தலவச்சுப் படுத்திருக்கா. மொகத்தையும் காட்டல. சாவு வீட்டுக் களையால்லா இருக்கு. புது வீட்டுல வேண்டாம்" என்றார்.

உமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "எனக்கும் சின்னப்பிள்ளையிலேருந்து, இதுல அம்மா அழுதுட்டுக் கெடக்காளோன்னுதான் தோணும்" என்றாள். படம் பரணுக்குப் போய்விடும் போலிருந்தது. எனக்குச் சுருக்கென்றது.

"அங்கன மலையே கெடையாது மதினி. அது கெழக்குச் சன்னல். தொறந்தா பக்கத்து வீட்டுச் சுவருதான்" என்று சொல்லிவிட்டேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். "இந்தச் சுவத்தப் பாத்தே நான் கெழவியாயிருவேன்" என்று சண்டை போட்டுவிட்டு, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு படுத்தேன். கொஞ்ச நாள் கழித்துப் படத்தைக் காட்டினீர்கள். எல்லாம் அப்படியே இருந்தது, சுவரைத் தவிர. வேறு வீடு பார்க்க நமக்கு வசதியில்லை. அதனால் மலையை வரைந்துவிட்டீர்கள். பார்த்ததும் என் கோபமெல்லாம் போய்விட்டது. அதை உங்களிடம் சொன்னேனா?

அன்று நான் அழவுமில்லை. படுத்ததும் தூங்கிப்போனேன். நீங்கள் என் முகத்தை எட்டிப் பார்த்தீர்களா?

இதையெல்லாம் நான் சொல்லிக் கேட்ட பிறகும் மதினி லேசில் விடவில்லை. கூடத்தில் நின்று திசை பார்த்தார். "அப்பம் கெழக்குச் சுவத்துல மாட்டுங்க. தல தெக்க வந்துரும்" என்றார். மருமகன் ஆணி அடிக்கும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டதும் அவர்தான். உமா சிரித்துக்கொண்டே இருந்தாள்.

படத்துக்கு எதிரே மேற்குச் சன்னல். திறந்தால் நிஜ மலை. இனி இங்கே வரும்போதெல்லாம் அதைப் பார்த்துத்தான் படுப்பேன். உங்கள்மேல் கோபம் வந்தால் மட்டும் படம் இருக்கிற இந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன். இந்தப் பக்கமும் நீங்கள் மலையைத்தானே வைத்திருக்கிறீர்கள்.

படத்தில் படுத்திருக்கும்
உங்கள் வீட்டுக்காரி
கோமதி