டீக்கு முன்னால் எழுதும் சீட்டு

நீலக் கைப்பையின் உள்ஜிப்பில் சில்லறை தேடியபோது உன் சீட்டு அகப்பட்டது. நான்காக மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்தது. பின்னில் துரு ஏறிவிட்டது. சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் சாப்பாட்டு மேசையில் அதை எதிரே வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். மணி ஒன்றேகால். இரண்டு மணிக்குப் பட்டுக்கடை ஐயா வரச்சொல்லியிருக்கிறார். வாங்கிய மீன் குழம்புச் சோறு ஆறிக் கிடக்கிறது.

ஒரே ஆடிட் ஆபீஸில் ஒன்பது வருடம் நாம் பக்கத்து மேசைக்காரிகள். துணிக்கடைக்குச் சரக்கு இருப்புக் கணக்கு பார்க்கப் போனால், தீபாவளிக்கு விற்காமல் மாடியில் தங்கிய சேலைகளை ஒரு சுற்றுப் பார்ப்பாய். இனி என்ன விலைக்குப் போகும் என்று ஒரு தொகையைக் கையில் கிடைத்த பில்லின் பின்பக்கம் எழுதி, பின் அடித்து, என் பைக்குள் போடுவாய். நான் எழுதியது உன் பைக்குள். ஆபீஸ் திரும்பித்தான் இரண்டையும் பிரிப்போம். சீட்டு எழுதாமல் கடை முதலாளி நீட்டும் டீயைத் தொடக்கூடாது.

"டீ குடிச்சிட்டே அவங்க ஒரு நம்பர் சொல்லுவாங்க. அப்புறம் நாம கூட்டுறதும் கழிக்கிறதும் அதைச் சுத்தியேதான்" என்பாய். டீ போலீஸ் என்று ஆபீஸே உன்னைக் கிண்டல் செய்தது. அந்தப் பெயரை வைத்தவள் நான்தான்.

போன வருடம் பட்டுக்கடையில் மட்டும் நான் எழுதவில்லை. திருச்சியிலிருந்து வந்து இறங்கியபோது எனக்குப் புக்கிட் பாத்தோக்கில் அறை பிடித்துக் கொடுத்தவர் ஐயா. அவர் நடத்தும் ஞாயிறு பூசையில் எனக்கு முன்வரிசை. "போன வருஷ விலையே போட்டுருங்கம்மா, எல்லாம் போயிடும் லா" என்றார். டீயைக் குடித்துக்கொண்டே தலையாட்டினேன். அவர் பொய் சொல்லவில்லை. அவரே அதை நம்பினார். அவர் நம்புவது வேறு, அது சரியாக இருப்பது வேறு என்று எனக்கு அப்போது புரியவில்லை. படியிறங்கும்போது நீ ஏதோ சொல்ல வந்தாய். உனக்கு மனுஷங்களைத் தெரியாது என்று எரிந்து விழுந்தேன். நீ சீட்டை என் பைக்குள் போட்டாய். நான் பிரிக்கவில்லை. பாதி விலைதான் எழுதியிருப்பாய் என்று எனக்குத் தெரியுமே. அவர் சொன்ன விலையே சரி என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்தக் கணக்கில் தெரிந்த லாபம் தந்த தைரியத்தில் ஐயா ஃபேரர் பார்க்கில் இரண்டாவது கடை திறந்தார். ஏழே மாதத்தில் மூடினார். அங்கே வேலை பார்த்த மூன்று பெண்கள் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். நீ அப்போது மருத்துவ விடுப்பில் இருந்தாய். நேரில் வந்து மன்னிப்புக் கேட்கலாம் என்று இருந்த வாரத்தில்தான் நீ கண்ணை மூடிவிட்டாய். இன்றும் எனக்கு என்மேல் ஆத்திரம் அடங்கவில்லை.

நேற்று ஐயா போன் செய்தார். இந்த வருடமும் அதே விலை போடச் சொல்கிறார். குறைத்தால் இருக்கிற கடையும் ஆட்டம் காணும். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. இந்தச் சீட்டு அகப்பட்டதும், உன் பாதி விலையைப் பார்த்து அதையே எழுதிவிட்டால் நிம்மதி என்று தோன்றியது. அவர் நம்பருக்குப் பதில் உன் நம்பர், அவ்வளவுதானே.

பொறுக்க முடியாமல் இப்போது பிரித்துவிட்டேன். அதில் தொகையே இல்லை.

"எனக்கும் கல்யாணப் பட்டு பாதி விலைக்குக் குடுத்தவர் இவர். என் நம்பரும் செல்லாது. வேற ஆளை அனுப்பச் சொல்லு."

ஒரு வருடமாக இது என் பையில்தான் கிடந்திருக்கிறது. என்னைத் திட்டியிருப்பாய் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். நீ உன்னைத்தான் சொல்லியிருக்கிறாய்.

மேலாளரைப் போனில் கூப்பிட்டு, ஐயா எனக்கு வேண்டியவர், இந்தக் கடையை நான் பார்க்கக்கூடாது என்று சொன்னேன். போன வருடக் கணக்கையும் திரும்பப் பார்க்கவேண்டும் என்றேன். நாளை வேறு ஒருவர் வருகிறார்.

இதை ஐயாவிடம் நேரில் சொல்லத்தான் இரண்டு மணிக்குப் போகிறேன். உன் சீட்டைப் பழையபடி மடித்து உள்ஜிப்பில் வைத்துவிட்டேன். இன்று நான் எழுத ஒன்றுமில்லை. டீ கொடுத்தால் குடிக்கலாம். கொடுப்பாரா, தெரியவில்லை.