பளிங்காகத் தெளிந்த குழாய்

டிரஸர் ஐயா,

இன்று காலை சவரக்கத்தி என் தாடையைக் கடித்துவிட்டது. குவளைத் தண்ணீரில் விழுந்த ரத்தச் சொட்டு, கலங்காமல் அழகாகச் சிவந்து தெளிந்தது. மலைமேல் லோரியை ரிவர்ஸிலேயே ஏற்றியவன் நான், கத்தியை வைத்துவிட்டு இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டேன்.

அன்று, வெள்ளைக்காரனின் பட்டாளம் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். கெர்லிங் சாலையில் காலையில் காட்டுக்காரர்கள் யாரையோ சுட்டுவிட்டார்கள், பகலெல்லாம் ஊரடங்கு. என் லோரிச் சாவி பட்டாளத்துக்காரன் பையில். கோலா குபு பாரு ஆஸ்பத்திரி சந்திரனைவிடத் தூரமாகிவிட்டது. டிரஸராக இருந்து நீங்கள் வைத்தியம் பார்த்த தோட்ட மருந்தகத்தில் என் வீட்டுக்காரி பொன்னம்மா பேதியில் வற்றிக் கிடந்தாள். நரம்பில் உப்புநீர் ஏற்றாவிட்டால் பொழுது சாய்வதற்குள் போய்விடுவாள் என்றீர்கள்.

காட்டுக்காரர்களுக்குப் போய்விடும் என்று உப்பையும் அப்போது அளந்துதானே கொடுத்தார்கள்! உங்கள் கையிருப்பைக் கரைத்த முதல் புட்டியில் உப்பு போதவில்லை. பட்டாளத்தின் கண்ணில் படாமல் எங்கள் லயத்து வீட்டுக்கு ஓடி, எங்கள் பங்கு உப்பைக் கொண்டுவந்தேன். இரண்டாவது புட்டியில் உப்பைச் சரியாக நிறுத்துக் கரைத்து, அதை மட்டும் கொதிக்க வைக்கச் சொன்னீர்கள். நானோ அவசரத்தில் இரண்டையும் பானையில் போட்டேன். ஒட்டியிருந்த காகிதச் சீட்டுகள் கழன்று மிதந்தன. எது எந்தப் புட்டி? கையில் துளி ஊற்றி நக்கிப் பார்த்தேன். பயத்தில் இரண்டும் கடலாகக் கரித்தன.

நீங்கள் திட்டவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, என் விரலைக் குத்தி, குழாய்க்கு ஒரு சொட்டு ரத்தம் விட்டீர்கள். ஒன்று கலங்கியே நின்றது. மற்றது பளிங்காகத் தெளிந்தது.

"இதான் லா ஐயா! கண்ணாடி மாதிரி இருக்கு!" தெளிந்த குழாயின் புட்டியைத் தூக்கிக் கொக்கியில் மாட்டப் போனேன்.

"கையை எடும் காணும்!" உங்கள் யாழ்ப்பாணத் தமிழ் அறைந்தது. "தெளிஞ்சதெண்டா உம்மட ரத்த அணு எல்லாம் தண்ணி குடிச்சு வெடிச்சுப் போச்சு. கலங்கினதுக்குள்ளதான் முழுசா இருக்கு."

மற்றப் புட்டி சொட்டுச் சொட்டாக இறங்கியது. அதற்குள் எனக்கு நானூறு வயதாகிவிட்டது. பிற்பாடு படித்தேன்: தன் தோல் இழுபடுவதை உடம்பின் அணு உணருமாம். வீங்கினால் உள்ளிருக்கும் உப்பை வெளியே தள்ளும். நீரும் பின்னாலேயே போய்விடும். வற்றினால் உப்பை உள்ளே இழுக்கும். மெல்ல வந்தால் சமாளிக்கும். வெள்ளமாக வந்தால் அதற்கு ஏது நேரம்?

சாயங்காலம் பொன்னம்மா கண் திறந்தாள். "ஏங்க, மூஞ்சி ஏன் அவிச்ச கிழங்காட்டம் இருக்கு?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "ஒண்டுமில்லை, பிள்ளை. உம்மட மனுசனுக்குப் பசி."

நான் தூக்கியது எந்தப் புட்டி என்று அவளிடம் நீங்கள் கடைசிவரை சொல்லவில்லை. உலகத்துப் பொய்யையெல்லாம் அள்ளிவிடும் என் வாய்க்கும் இந்த ஓர் உண்மை வரவில்லை. போன மாதம் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். இரண்டு பேர் தூக்கியதை இனி நான் ஒருவனே தூக்க வேண்டும்.

"அவ்வளவு நேரமா யாருக்கு எழுதுறீங்க?" அடுப்படியிலிருந்து அவள்தான்.

கடைச் சாமான் பட்டியல் என்று சொல்லிவிட்டேன்.