சிரிப்பு வாயுவும் என் கடைவாய்ப் பல்லும்

ஐப்பசி 4, செவ்வாய்

காலை முதல் தூறல். வட்டாட்சியர் அலுவலக வாசலில் பிறருக்கு மனு எழுத அமர இயலவில்லை. இடக் கன்னம் வீக்கம். முதியோர் உதவித்தொகை மனு ஒன்று, பட்டா மாறுதல் ஒன்று. இரண்டும் ஒத்திவைப்பு.

தங்கை செல்லத்துக்கும் ஒரு பல் ஆடுகிறது. நாளை இருவரும் பாளையங்கோட்டைக்கு. சென்ற முறை ஊசியைக் கண்டு நான் மயங்கியமையால், சிரிப்பு வாயு கொடுத்துப் பிடுங்கலாம் என்கிறார் பல் மருத்துவர் அம்மையார். செல்லம் தனக்கும் அதுவே வேண்டும் என்கிறாள்.

எனக்கு ஊசியைவிடப் பெரிய அச்சம் ஒன்று. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். நூலகத்தில் அமர்ந்து நானே திருத்திக்கொண்ட தமிழ் இது. வாயு தலைக்கேறிப் பழைய பேச்சு வாயில் வந்துவிட்டால்?

ஐப்பசி 5, புதன்

வெயில். முதலில் செல்லம். மூக்கின்மேல் சிறு மூடி. நான் அருகில் நின்றேன். சற்று நேரத்தில் கலகலவென்று சிரிப்பு.

"யக்கா, குத்தாலத்துல அருவிக்கு அடியில நிக்க மாதிரி இருக்கு!"

ஊசி போட்டதையும் பொருட்படுத்தவில்லை. பல்லைப் பிடுங்கியதும், "டாக்டரம்மா, பக்கத்துப் பல்லும் லேசா ஆடுதான்னு பாருங்களேன்." செவிலியருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அடுத்து நான். செல்லத்தை வெளியே இருக்கச் சொன்னேன். கதவையும் சாத்தச் செய்தேன்.

நாற்காலியின் கையை இறுகப் பற்றியிருந்தேன். கால் மரத்தது. காதில் இரைச்சல். யாரோ என்னை நீருக்கடியில் இழுப்பதுபோல். மூடியைப் பிடுங்கி எறிந்தேன்.

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. "எல்லாருக்கும் அதே வாயுதாம்மா. விட்டுக்கொடுக்கிறவங்களுக்கு மிதக்கிற மாதிரி இருக்கும். உங்களை மாதிரி இறுக்கிப் பிடிச்சா பயம்தான் மிஞ்சும். அன்னைக்கு என்ன மனசோட வந்தீங்கங்கிறதும் இருக்கு." வீக்கம் வடிய மாத்திரை. அடுத்த புதன் வரவேண்டும்.

பேருந்தில் செல்லம், வாயில் பஞ்சோடு: "ஒனக்குச் சிரிக்கதுக்கும் மனுப் போடணுமோக்கா?"

சேரன்மாதேவி வரை சன்னலையே பார்த்தேன்.

ஐப்பசி 8, சனி

வலி. மனு எதுவும் எழுதவில்லை. ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அவளுக்கு அருவி, எனக்கு மடு. மகிழ்ச்சி என்னும் இனத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை போலும்.

மாலை, தூக்குவாளியில் கஞ்சியோடு செல்லம். நடவு முடித்து நேரே வந்திருக்கிறாள், காலில் சேறு. "வைத்துவிட்டுச் செல்" என்றேன். போகவில்லை.

"எனக்கும் குலை நடுங்கத்தாங்கா செஞ்சுது. நீ அங்கன நிக்க, என்னமும் ஆனாப் பாத்துக்கிடுவன்னு கண்ண மூடிட்டேன். நீ என்னைய வெளிய தள்ளிட்டுல்லா போய்ப் படுத்த."

கஞ்சி ஆறிவிட்டது. ஆறிய பின்பே குடித்தேன்.

ஐப்பசி 12, புதன்

பலத்த மழை. ஆற்றில் செந்நீர்.

"என் தங்கை உடன் இருப்பாள்" என்று மருத்துவரிடம் தெரிவித்தேன். செல்லம் முகத்தில் ஒரு திகைப்பு. பிறகு கையை நீட்டினாள். சேற்றில் ஊறித் தோல் வெடித்த கை.

"பைய மூச்ச விடுக்கா."

கால் மரத்தது. காதில் அதே இரைச்சல். வெளியே பெய்யும் மழை என்று எடுத்துக்கொண்டேன். பிறகு சிரிப்பு, எதற்கென்று அறியேன். பல் பிடுங்குவது தெரிந்தது. யாருடைய பல்லோ என்றிருந்தது. மூடியை எடுத்தபோது, இன்னும் சற்று இருக்கலாகாதா என்னும் ஆசை. செல்லத்தின் பக்கத்துப் பல் நினைவுக்கு வந்தது.

பேருந்தில் கேட்டேன்: நான் ஏதேனும் பேசினேனா?

"பேசுன."

என்னவென்று?

"'ஏட்டி, கைய விட்டுராத'ன்ன. வெளிய இருந்தவங்களுக்கெல்லாம் கேக்க."

மேற்படி சொற்களை உரைத்தவள் நானே என ஒப்புக்கொள்கிறேன். 

பஞ்சு நனைந்துவிட்டது. மாற்ற வேண்டும்.